கச்சே தொட்ட உயரம்

கஹிந்தி தேங்காய் துருவுகிறான் என்ற செய்தி காலை ஏழு மணிக்குள் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யார் கொண்டுபோனது என்று என்னைக் கேட்காதீர்கள். என் தையல்கடை அவன் வீட்டுக்கு எதிரே இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் என் தலையில் கட்டுவது இந்த உயோம்போ ஊரில் வழக்கமாகிவிட்டது.

எங்கள் கடற்கரையில் தென்னையில் ஏறுவது ஆண், தேங்காய் துருவுவது பெண். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால்தான் மீறவும் முடிவதில்லை. கஹிந்தியோ நாளுக்கு இரண்டு வேளை இருபத்திரண்டு மரம் ஏறிக் கள் இறக்குகிறவன். மரத்தின் உச்சியில் இருந்தபடி, கீழே போகிறவன் வருகிறவனை எல்லாம் பெயர் சொல்லிக் கேலி செய்கிறவன். அவன், முனையில் இரும்புப் பல் வைத்த துருவும் கட்டையில் கால் பரப்பி உட்கார்ந்திருந்தால் ஊர் சும்மா விடுமா?

"என்னப்பா கஹிந்தி, மேல ஏறி ஏறி இப்ப கீழயே உக்காந்துட்ட?" என்றான் வலை தூக்கிக்கொண்டு போன ஒருவன்.

"சட்னிக்கு வேணும்னு பொண்டாட்டி சொன்னா. உன் பொண்டாட்டி உன்கிட்ட எதுவுமே சொல்றதில்லையா?" என்றான் கஹிந்தி, தலை நிமிராமல்.

விஷயம் இதுதான். அவன் மனைவி தாமா, கடற்கரையில் உருளைக்கிழங்கை மஞ்சள் மாவில் முக்கிப் பொரித்து விற்கிறாள். கூடவே மாங்காய் போட்ட தேங்காய்ச் சட்னி. விடியுமுன் ஆறு தேங்காய் துருவியாக வேண்டும். அதைத் துருவி வந்தவள் மகள் கச்சே. பத்தொன்பது வயது, வாசல் நிலையில் குனிந்து நுழைகிற உயரம். பிப்ரவரி மாதத்திலிருந்து கச்சேயால் அந்தக் கட்டையில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தொடை இரண்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. காரணம் அவளுடைய தாய்மாமன் சாரோ.

சாரோ ஒரு காலத்தில் மொம்பாசாவில் வாலிபால் ஆடியவன். சிமென்ட் தரையில் பதினொரு வருஷம் குதித்து முட்டி இரண்டையும் தேய்த்துக்கொண்டு ஊர் திரும்பினான். இப்போது நடக்கும்போது அவன் முட்டியில் வேர்க்கடலை உடைகிற சத்தம் கேட்கும். நைரோபியில் ஒரு வங்கியின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று அவனுக்குச் செய்தி வந்தது. எடுத்தால் ஆடுகிற வரைக்கும் சம்பளம், ஆட்டத்தை விட்டபின் வங்கிக் கவுண்டரில் உட்காருகிற வேலை. ஆனால் ஓடிவந்து குதித்து இரண்டு மீட்டர் எண்பதைத் தொட வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள் பந்தைக் கையில்கூட எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

சாரோ அன்றே மருமகளை மணலுக்கு இழுத்துக்கொண்டு போனான். அலை நனைத்த இறுகிய மணல் இல்லை, கால் கணுக்கால் வரை புதைகிற காய்ந்த மணல். அதில் ஓட்டம், அதில் குந்தி எழுவது, அதில் ஓடிவந்து குதிப்பது. அவன் வேறு பக்கம் திரும்பினால் கச்சே மெல்ல ஈர மணலுக்கு நகர்வாள். "மேல வாடி" என்பான். அவள் மேலே வருவாள், வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே. அதை இங்கே எழுத முடியாது.

"மணல் திருட்டுப் பய மாதிரி அக்கா," என்று தாமாவுக்கு அவன் விளக்கியதை நான் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டேன். "நீ பத்துப் பங்கு உதைச்சா நாலு பங்கை அவன் முழுங்கிடுவான். மிச்சம் ஆறுலதான் நீ எழும்பணும். அப்ப காலு என்ன பண்ணும்? இன்னும் பலமா உதைக்கக் கத்துக்கும். அதே காலைக் கொண்டுபோய்க் கெட்டித் தரையில வையி. தரை ஒண்ணையும் முழுங்காது. பொண்ணு பறப்பா. முட்டியும் கெடாது."

"மணல்ல குதிச்சா காலு பலமாகும்னா, நம்ம ஊர் நண்டெல்லாம் இந்நேரம் ஆகாசத்துல பறக்கணுமே," என்றாள் தாமா, எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நண்டு குதிக்கிறதில்ல அக்கா, ஓடுது."

"அதுக்கு அறிவு இருக்கு."

கஹிந்திக்கும் முதலில் இதில் நம்பிக்கை இல்லை. "காலுக்குப் பலம் வேணும்னா என்கூட மரம் ஏறச் சொல்லு" என்று முறைத்துக்கொண்டு திரிந்தான். அவனை மாற்றியது சுவர்.

கடற்கரையில் பழைய மீன் கிடங்கு ஒன்று இருக்கிறது. பவளக்கல் சுவர், கூரை போய் வெகுகாலம். சனிக்கிழமை சனிக்கிழமை கச்சே விரலைச் சுண்ணாம்பில் தோய்த்து, ஓடிவந்து குதித்து, அந்தச் சுவரில் எட்டிய இடத்தில் ஒரு அடி அடிக்க வேண்டும் என்றான் சாரோ. உயரம் தெரிய அளவுக்கோடு வேண்டும். அளவு என்றால் ஊரில் யார்? தையல்காரன். நானே போனேன். என் டேப்பை மணலில் ஊன்றி, ஒன்றரை மீட்டர், மறுபடி ஒன்றரை மீட்டர் என்று ஏணியில் ஏறி அளந்து, இரண்டரையிலிருந்து மூன்று இருபது வரை நீலப் பெயின்டில் கோடு கோடாகப் போட்டு எண்ணும் எழுதினேன். அழகாகத்தான் எழுதினேன். இந்தக் கதையில் என் குற்றம் அதுதான்.

முதல் சனிக்கிழமை இரண்டு அறுபத்திரண்டு. கஹிந்தி கேட்டுவிட்டு, "பாத்தியா" என்றான். மூன்றாவது வாரம் அறுபத்தேழு. மார்ச் கடைசியில் எழுபத்தொன்பது. அந்த வாரம் கஹிந்தி முதல்முறையாகக் கடற்கரைக்கு வந்து சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மறுநாள் விடிகாலை யாரும் சொல்லாமல், அதுவரை தாமாவே சமாளித்துவந்த துருவும் கட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"பொண்ணு தூங்கட்டும். காலு ஆறணும்," என்றான்.

ஏப்ரலில் கோடு தாவித் தாவி ஏறியது. தொண்ணூறு. தொண்ணூற்றெட்டு. மூன்று மீட்டரைத் தாண்டிய அன்று மீனவர்கள் படகை இழுத்துக்கொண்டிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒன்பதாவது சனிக்கிழமை மூன்று மீட்டர் எட்டு. "கால் என் வம்சம்" என்று கஹிந்தி மரத்து உச்சியிலிருந்து அறிவித்தான். எங்களில் பாதிப் பேர் அன்று ஓசிக் கள் குடித்தோம். அதே மயக்கத்தில் அவன் வங்கி அணியின் கோச்சுக்குப் போன் போட்டு, தன் மகள் மூன்று பத்து தொடுகிறாள் என்று சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் இரண்டு தடவை "எவ்வளவு?" என்று கேட்டார்களாம். பிறகு, "வெள்ளிக்கிழமை கட்டாயம் கூட்டிட்டு வாங்க" என்றார்களாம்.

தேர்வு வெள்ளிக்கிழமை, மொம்பாசாவில். புதன்கிழமை மத்தியானம் தாமா என் கடைக்கு வந்தாள். எண்ணெய்ச் சட்டி கழுவின கை ஈரத்தோடு நின்றாள்.

"தையல்காரரே, அந்த டேப்பை எடுத்துக்கிட்டு என்கூட வாங்க. எதுக்குன்னு கேக்காதீங்க."

கிடங்குக்குப் போனோம். சுவரில் ஒரு சன்னல் உண்டு. அதன் திண்டில்தான் அவள் தினமும் கிழங்குக் கூடையை வைத்து விற்பது.

"பிப்ரவரியில இந்தக் கூடையை நெஞ்சு வரைக்கும் தூக்கி வச்சேன். நேத்து குனிஞ்சு வச்சேன்," என்றாள். "ஒரு வாரமா இடுப்பு வலி. வயசாகுதுன்னு நெனச்சேன். இன்னிக்குத்தான் உறைச்சுது. நான் வளரல, சன்னலும் இறங்கல. அளங்க."

நான் அளந்தேன். மணலிலிருந்து, மூன்று எட்டு என்று நான் நீலத்தில் எழுதிய கோடு வரை. இரண்டு மீட்டர் எழுபது.

மறுபடி அளந்தேன். அதே எழுபதுதான்.

"மணல்தான் ஏறியிருக்கு. எம் மக ஏறல," என்றாள் தாமா.

எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், மார்ச் கடைசியில் தெற்குக் காற்று கிளம்பினால் கிடங்குச் சுவரோரம் மணல் குவியும், நவம்பரில் வடக்குக் காற்று வந்து அதை அள்ளிக்கொண்டு போகும் என்று. வருஷா வருஷம் நடப்பது. எத்தனை மீனவர்கள், எத்தனை சனிக்கிழமை அங்கே நின்றோம். எல்லோரும் அண்ணாந்து கோட்டைப் பார்த்தோமே தவிர ஒருவனும் காலடியைப் பார்க்கவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கஹிந்தி வீட்டு முற்றத்தில் கூடினோம். கச்சே தண்ணீருக்குப் போயிருந்தாள்.

"முப்பத்தெட்டு மணலு," என்றாள் தாமா. "நிஜத்துல புள்ள ஏறினது எட்டே எட்டு சென்டிமீட்டரு."

"அக்கா, மணல்ல எட்டு ஏறுறது சாதாரணமில்ல," என்றான் சாரோ. அவன் முகம் வெளிறியிருந்தாலும் விடவில்லை. "கெட்டித் தரையில இன்னும் பத்தாவது கூட வரும்."

"வரும்னு தெரியுமா, வரணும்னு ஆசையா?"

சாரோ முட்டியைத் தேய்த்துக்கொண்டான். சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. ஊரில் சிமென்ட் தரை என் கடையில் மட்டும்தான். அங்கே கூரைத் தகரம் தலைக்கு மேல் ஒரு முழம்.

"அது சரி," என்று சாரோ கஹிந்தியிடம் திரும்பினான். "சுவத்துல மூணு எட்டு. நீங்க போன்ல ஏன் மச்சான் மூணு பத்துன்னீங்க?"

"முழுசா இருக்கட்டுமேன்னு," என்றான் கஹிந்தி.

"இப்பவே அந்தக் கோச்சம்மாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லுங்க," என்றாள் தாமா.

"சொன்னா வரவேணாம்னுடுவாங்க. அப்புறம் ஊருக்குள்ள நான் எந்த மூஞ்சியோட மரம் ஏறுறது?"

"உங்க மூஞ்சி கெடக்கு. புள்ள மூணு மீட்டரு தொடுவோம்னு நம்பிட்டுப் போறா. அத்தனை பேர் முன்னால எட்டாம நின்னா அவ மனசு என்ன ஆகும்?"

போனை யாரும் எடுக்கவில்லை. கச்சேயிடம் சொல்வதா வேண்டாமா என்றும் முடிவாகவில்லை. அவள் தலையில் ஒரு குடமும் கையில் ஒன்றுமாக வந்து, எங்கள் எல்லோரையும் பார்த்து, "யாரு செத்தது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை காலை மினி பஸ்சில் நானும் போனேன். "அளவு போட்டவரு வந்துதான் ஆகணும்" என்று தாமா உத்தரவு. கஹிந்தி டிரைவர் பக்கத்தில். அவனுக்குப் பின்னால் கச்சேயும் தாமாவும். கடைசியில் நானும் சாரோவும், மடியில் பொரித்த கிழங்குப் பொட்டலத்தோடு. கிலிஃபி பாலம் வந்தது. தாண்டியதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சுவரு..."

"மணல் ஏறியிருக்கு. தெரியும்மா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"காத்து மாறின வாரமே. குதிக்கிறது நான்தானே. எங்கே கால் வைக்கிறேன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

கச்சே ஜன்னல் பக்கம் பார்த்தாள். "கோடு ஏற ஏற அப்பா தேங்கா துருவினாரு. என்னத்துக்குச் சொல்லணும்?"

பின்சீட்டில் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சாரோ என் தொடையைக் கிள்ளினான். முன்னால் கஹிந்தியின் கழுத்து மட்டும் தெரிந்தது. அந்தக் கழுத்து, மொம்பாசாவை நெருங்கி ம்ட்வாப்பா வரும்வரை அசையவில்லை.

"பயமா இல்லையாடி உனக்கு?" என்றாள் தாமா, சிறிது தூரம் போனதும்.

"ராத்திரி எல்லாம் தூங்கலம்மா," என்றாள் கச்சே. குரல் சின்னப் பிள்ளை குரலாகிவிட்டது. "எண்பது வருமான்னு எனக்குத் தெரியல. வரலன்னா நாளையிலிருந்து நான்தான் துருவணும். எனக்கு அது வேணாம்மா. நான் ஆடணும்."

தாமா கிழங்குப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து அவளிடம் நீட்டினாள். கச்சே நான்கு சாப்பிட்டாள். மிச்சத்தை நாங்கள் சாப்பிட்டோம்.

மொம்பாசாவில் மரப்பலகை போட்ட உள்ளரங்கு. நாற்பது பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் பளபளவென்று ஷூ போட்டிருந்தார்கள். கோச்சின் பெயர் ஜெரோப். மெலிந்த, சிரிக்காத அம்மாள். உயரம் பார்க்க ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். அதன் உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளாஸ்டிக் தகடுகள், தொட்டால் சுழன்று விலகும். ஆளுக்கு மூன்று தடவை. எட்டாத உயரத்தில் வீணடிக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொருத்திக்கும் ஏற்றபடி கம்பத்தை ஏற்றி இறக்கினார்கள்.

"உயோம்போ, கச்சே," என்று கூப்பிட்டார் ஜெரோப். பிறகு தாளைப் பார்த்தார். "மூணு பத்துக்காரி. இவளுக்கு மூணுலிருந்து ஆரம்பிங்க."

கம்பத்தைச் சரசரவென்று ஏற்றினார்கள். அரங்கில் பேச்சு நின்றது. அதுவரை இரண்டு தொண்ணூற்றைத் தாண்டி ஒருத்தியும் தொடவில்லை. நாற்பது பெண்களும் எழுந்து நின்று பார்த்தார்கள். கச்சே எங்களைத் திரும்பிப் பார்த்தாள். ஓடினாள். குதித்தாள். நல்ல குதிப்புதான். ஆனால் அவள் கை வெறும் காற்றை ஒரு அடி அடித்துவிட்டுக் கீழே வந்தது. எல்லாவற்றுக்கும் கீழே இருந்த தகட்டுக்கும் அவள் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"ரெண்டாவது தடவை," என்றார் ஜெரோப். கம்பத்தை இறக்கச் சொல்லவில்லை.

கஹிந்தி எழுந்தான். பெஞ்சு வரிசை வரிசையாக இறங்கி, பலகைத் தரையின் ஓரத்தில் நின்று செருப்பைக் கழற்றினான். கள் இறக்குகிறவனின் பாதம், விரல் எல்லாம் விரிந்து கிடந்தது. பெண்கள் பாதத்தைப் பார்த்தார்கள்.

"கோச்சம்மா, அதைக் கொஞ்சம் இறக்கணும்."

"நீங்க யாரு?"

"மூணு பத்துன்னு போன் பண்ணினவன்."

"எவ்வளவு இறக்கணும்?"

"நான் சொன்னதுல முப்பத்தெட்டு மணலுங்க. கடற்கரைச் சுவத்துல அளந்தோம், காத்து மணலை ஏத்திடுச்சு, நாங்க பாக்கல." அவன் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினான். "மிச்சம் ரெண்டு என்னோடது. முழுசா இருக்கட்டும்னு சேத்தேன். புள்ளைக்கு இதுல சம்பந்தமில்ல. அவளை வெளிய அனுப்பிடாதீங்க."

நாற்பது பெண்களும் சிரித்தார்கள். அரங்கைக் கூட்டுகிறவன் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஊரே அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நின்று மற்றவர்களைக் கேலி செய்கிறவன், அத்தனை சிரிப்பையும் வாங்கிக்கொண்டு கையைக் கட்டி நின்றான். அவனை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். அன்றுதான் அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஜெரோப் சிரிக்கவில்லை. "எத்தனை வாரம் மணல்ல?" என்று கேட்டார்.

"ஒம்போதுங்க. காஞ்ச மணல்ல," என்று சாரோ மேலிருந்தே சொன்னான்.

"கெட்டித் தரையில?"

"இதான் முதல் தடவை."

"இறக்குங்க," என்றார் ஜெரோப். "ஆனா போன தடவை போனதுதான். ரெண்டு தடவைதான் மிச்சம்."

கச்சே ஷூவின் அடியைக் கையால் துடைத்துக்கொண்டாள். ஓடினாள். தகடுகள் படபடவென்று சுழன்றன. ஒருவன் ஏணியில் ஏறிப் பார்த்து, "ரெண்டு எழுபத்தெட்டு" என்றான்.

தாமா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். எண்ணெய்ச் சட்டி தூக்குகிற கை. இரண்டு நாள் அந்த இடம் வீங்கியிருந்தது.

"மணல்னு நெனச்சு உதைக்காதடி," என்றான் சாரோ மேலிருந்து. "இது திருடாது. நம்பி உதை."

கச்சே அதைக் கேட்டாளோ என்னவோ. பின்னால் போனாள், இன்னும் இரண்டு எட்டு பின்னால் போனாள். வந்தாள். பலகை டம் என்று அதிர்ந்தது. ஏணிக்காரன் பார்த்தான், இறங்கினான், சந்தேகப்பட்டு மறுபடி ஏறினான். அவனைத் தள்ளிவிட்டு நானே ஏறி அளக்கலாமா என்று இருந்தது. நல்லவேளை, ஏறவில்லை; என் அளவை யார் நம்புவார்கள்?

"ரெண்டு எண்பத்திரண்டு," என்றான்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதில் வெட்கம் என்ன இருக்கிறது? சாரோ முட்டி கடகடக்க எழுந்து மறுபடி உட்கார்ந்தான்.

ஆனால் அதோடு முடியவில்லை. அடுத்தது பந்து அடிப்பது. கச்சே முதல் பந்துக்கு எழும்பினாள். பந்து இன்னும் வந்து சேரவில்லை. மேலேயே கொஞ்ச நேரம் காத்திருந்து, வெறுங்கையோடு இறங்கினாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பந்து அவள் இறங்கும் வழியில் அவள் தலையில் விழுந்தது. மறுபடி சிரிப்பு. ஐந்தாவது பந்தைத்தான் அடித்தாள். அது தரையில் பட்டு எழுந்த எழுச்சியில் துடைப்பக்காரன் குனிந்துகொண்டான்.

"மணல்ல எழும்ப நேரம் ஆகும்," என்று ஜெரோப் தன் உதவியாளிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "அதனால முன்னாடியே கிளம்பிப் பழகியிருக்கா. இங்க தரை சீக்கிரம் தூக்கிடுது. அது மூணு வாரத்துல சரியாகும். இந்தக் காலு என் பொண்ணுங்களுக்கு மூணு வருஷத்துலயும் வராது." பிறகு கச்சேயைக் கூப்பிட்டு இரண்டு முட்டியையும் அழுத்திப் பார்த்தார். "வலிக்குதா?"

"இல்லங்க."

"நல்லது. நைரோபி பஸ் மூணு மணிக்குக் கிளம்புது."

நாங்கள் வீட்டுக்குப் போய், ஒரு வாரம் ஆடி அடங்கி, கோழி அடித்து, ஊரைக் கூட்டி அனுப்புவோம் என்று நினைத்திருந்தோம். மூன்று மணிக்கு என்றால் மாற்றுத்துணிகூட இல்லை. தாமா தன் தோளில் கிடந்த துணியை எடுத்து மகளுக்குப் போர்த்தினாள், நைரோபி குளிரும் என்று. நான் என் பையிலிருந்து ஊசியும் நூலும் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பேன்? சாரோ மணலைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, முடிக்காமல் திரும்பிக்கொண்டான். கஹிந்தி மட்டும் கிட்டே வரவில்லை. பஸ்சின் பின்சக்கரத்தை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். கச்சேதான் போய், அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, காதில் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான்.

பஸ் உறுமியது. கச்சே ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள். முகம் எல்லாம் ஈரம்.

"அம்மா, நீ ஒண்ணுமே சொல்லலியே."

தாமா ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். கையை உயர்த்தி மகளின் கன்னத்தைத் தொடப் பார்த்தாள். எட்டவில்லை. கச்சே குனிந்து முகத்தைக் கொடுத்தாள்.

"வாரா வாரம் எவ்வளவு தொட்டேன்னு எனக்கே போன் போட்டுச் சொல்லு," என்றாள் தாமா. "உங்கப்பன் வாயால கேட்டா நான் நம்ப மாட்டேன்."